முத்துஸ்வாமி அய்யர் கேட்காதது

3 ஜூலை 2024, புதன்

வாசகர் வட்டத்தில் இந்த மாதம் என் முறை. 21ஆம் தேதி ஞாயிறு. ‘கமலாம்பாள் சரித்திரம்’ பற்றிப் பேசுகிறேன் என்று நூலகரிடம் சொல்லிவிட்டேன். பி.ஆர். ராஜம் அய்யர் நம் மாவட்டத்துக்காரர். 1872இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். அப்போது அது மதுரை ஜில்லா. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். ஆனாலும் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், செம்பட்டி என்று பஸ் பிடித்துப் போய் இறங்கிவிடக்கூடிய ஊரிலிருந்து தமிழ் நாவலின் தொடக்கம் ஒன்று வந்திருக்கிறது என்பதை எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு.

நாவல் முதலில் ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்தது. மறு வருஷமே புத்தகமானது. எழுதத் தொடங்கும்போது அவருக்கு வயது 21. அந்த வயதில் பையன்கள் பையன்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். இவரோ நடு வயதைத் தொட்ட, ஊரில் மதிப்புள்ள, வீடு வாசல் நிலம் எல்லாம் உள்ள முத்துஸ்வாமி அய்யரின் மனத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். எப்படி முடிந்தது என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியக்கிறேன்.

இன்று காற்று அதிகம். ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதற்குள் வந்துவிட்டது. தோட்டத்தில் முருங்கைக் கிளைகள் முறிந்து கிடக்கின்றன. வீட்டுக்காரர் சாயங்காலம் முழுக்க அதைத்தான் ஒழுங்கு பண்ணினார்.

5 ஜூலை, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்திருக்கிறாள். அவளும் அவள் அறைத் தோழிகளும் கொரியன் சீரியல் பார்க்காத ராத்திரி கிடையாது. போன தடவை, “அந்த ஊரில் நாவல் எப்போது தொடங்கியது, கேட்டுச் சொல்லு” என்றேன். இந்தத் தடவை புத்தகத்தோடு வந்துவிட்டாள். யி குவாங்சு எழுதிய ‘முஜோங்’, ஆங்கில மொழிபெயர்ப்பில். நவீன கொரிய நாவலின் முதல் பெரிய படைப்பு என்று அங்கே சொல்லப்படுவது. 1917 ஜனவரி முதல் தேதி தொடங்கி ஜூன் வரை ‘மேயில் சின்போ’ என்ற தினசரியில் வந்திருக்கிறது. ஜப்பான் கொரியாவை விழுங்கியது 1910இல். இந்தத் தினசரியும் ஜப்பானிய அரசின் கையில் இருந்ததுதான். யி குவாங்சுவுக்கு அப்போது 25 வயது. சிறு வயதிலேயே காலராவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்.

அங்கேயும் தொடர்கதை, இங்கேயும் தொடர்கதை. எழுதியவர் அங்கேயும் இளைஞர், இங்கேயும் இளைஞர். இரண்டு ஊரிலும் அந்நிய ஆட்சி. பேச்சில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாமா என்ற ஆசை வந்துவிட்டது. ராத்திரி பதினோரு மணி வரை படித்தேன்.

7 ஜூலை, ஞாயிறு

காலையில் அக்கா மகன் வந்து நின்றான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன தை மாதம்தான் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் தாராபுரம் பக்கம். அவளும் செக்கிங் வேலைக்குப் போகிறாள். தனியாக வந்திருக்கிறானே என்று கேட்டேன்.

“ஆடிக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கா சித்தி.”

“ஆடிக்கு இன்னும் பத்து நாள் கெடக்குதே கண்ணு?”

பதில் இல்லை. அக்கா வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே ஏன் வந்தான் என்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். இருட்டிய பிறகுதான் வந்தான்.

‘முஜோங்’ பாதி ஆயிற்று. கதாநாயகன் ஹியோங்சிக் சியோலில் பள்ளிக்கூட வாத்தியார், இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பவர். அநாதையாக இருந்தவனை வளர்த்துப் படிக்க வைத்தவர் பாக் என்ற பெரியவர். அவர் மகள் யோங்சே. இவனுக்கு அவள் என்று வீட்டில் வாயளவில் பேச்சு இருந்தது. பெரியவரும் அவருடைய பிள்ளைகளும் ஜெயிலுக்குப் போக, அவர்களை மீட்பதற்காக அந்தப் பெண் தன்னை விற்று கிசேங் ஆகிறாள். பாடி ஆடிப் பெரிய மனிதர்களை மகிழ்விக்கும் தொழில் அது. மகளின் நிலை தெரிந்த தகப்பன் ஜெயிலிலேயே உயிரை விடுகிறார்.

கதை தொடங்கும்போது ஹியோங்சிக் கிம் என்ற பணக்காரரின் மகள் சொன்ஹியோங்குக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறான். அவளுக்கு அமெரிக்கா போகிற யோகம் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே யோங்சே, எத்தனையோ வருஷம் கழித்து, இவன் தங்கியிருக்கிற அறைக்குத் தேடி வருகிறாள். அழுதுகொண்டே தன் கதையைச் சொல்கிறாள். முக்கியமானதைச் சொல்லாமல் பாதியில் எழுந்து போய்விடுகிறாள். இவன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசிக்கிறான். இப்போது என்ன செய்கிறாள், யாரோடு இருக்கிறாள், பரிசுத்தமாகத்தான் இருக்கிறாளா, அப்படி இருந்தால் கட்டிக்கொள்வேனா, இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது அந்த யோசனை. எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் எங்கே தங்கியிருக்கிறாய் என்றுகூட அவன் கேட்டு வைக்கவில்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சுக்கு வேண்டிய இழை இங்கே இருக்கிறது என்று பட்டது.

9 ஜூலை, செவ்வாய்

‘கமலாம்பாள் சரித்திர’த்தின் முதற்பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’. கதை முழுதும் ஒரு பொய்ப் பேச்சின் மேல் நிற்கிறது. சிறுகுளம் என்ற ஊரில் முத்துஸ்வாமி அய்யரும் கமலாம்பாளும் எவ்வளவு அன்னியோன்னியமான தம்பதி! முதல் அத்தியாயங்களில் அவர்கள் மகள் லட்சுமியின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதைப் படித்தால் போதும். ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிக்கொள்கிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், உடனே சிரிக்கிறார்கள். தமிழ் உரைநடையில் புருஷன் பெண்டாட்டி பேச்சு இவ்வளவு உயிரோடு அதற்கு முன் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் ‘வம்பர் மகாசபை’ இருக்கிறது பாருங்கள், அதைப் பத்தாம் வகுப்பில் ஒரு தடவை படித்துக் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆடுசாபட்டி அம்மையப்பப் பிள்ளை வரும் இடங்களுக்கும் அப்படித்தான். சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டே வந்தவர், அந்தச் சபையில் பிறக்கிற பேச்சு எவ்வளவு பெரிய குடும்பத்தைச் சாய்க்கும் என்பதையும் காட்டுகிறார்.

பிள்ளை நடராஜன் காணாமல் போகிறான். சொத்து கையை விட்டுப் போகிறது. இந்த அடிகளில் ஏற்கெனவே தளர்ந்த மனுஷன் காதில் கமலாம்பாளைப் பற்றிய அபவாதம் விழுகிறது. முத்துஸ்வாமி அய்யர் நம்பிவிடுகிறார். அதைவிடப் பெரிய கொடுமை, அவளை எதிரில் வைத்து ஒரு வார்த்தை கேட்காததுதான். இத்தனை வருஷம் ஊஞ்சல் பேச்சும் சாப்பாட்டுப் பேச்சுமாகக் கூடவே இருந்தவளிடம் கேட்காமல், தனக்குள் வழக்கு நடத்தித் தனக்குள்ளேயே தீர்ப்பும் எழுதிக்கொண்டு எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகிறார்.

ராஜம் அய்யர் அந்த மனப் போராட்டத்தை எழுதுகிற விதம் அபாரம். உயிரை விட்டுவிடலாமா, உலகத்தை விட்டுவிடலாமா என்று அவர் மனம் அலைகிற இடங்களில் நமக்கே மூச்சு முட்டும். அவ்வளவு உண்மையான துன்பத்துக்கு நடுவிலும் நான் கேட்கிறேன்: அந்தப் பொம்பளை எங்கே? அவளிடம் யார் கேட்டார்கள்?

11 ஜூலை, வியாழன்

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. ராமன் கேட்கவில்லை. யுத்தம் முடிந்து சீதையை எதிரில் நிறுத்திச் சொல்லத்தான் செய்தான். உத்தர காண்டத்தில் ஊர்ப் பேச்சைக் கேட்டு, அவளிடம் சொல்லாமலே காட்டுக்கு அனுப்பினான். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில் அகலிகை திரும்பக் கல்லானதும் சீதை தீக்குளித்ததைக் கேட்டுத்தான். ராஜம் அய்யர் கம்பனில் ஊறியவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர், ஷேக்ஸ்பியர் தெரியாமல் இருந்திருக்க மாட்டார். ஒத்தெல்லோவின் நிழலும் ராமனின் நிழலும் முத்துஸ்வாமி அய்யர் மேல் விழுகின்றன என்பது என் எண்ணம். அதே கல்லூரியில் படித்த அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திர’த்திலும் (1898) படித்த கணவன் ஒருவன் மனைவியைச் சந்தேகிக்கிறான்.

ஆனால் ராமன் சந்தேகப்பட்டதற்கும் முத்துஸ்வாமி அய்யர் சந்தேகப்பட்டதற்கும் நடுவில் ஒன்று மாறியிருக்கிறது. நாவல் நமக்கு அவருடைய மனத்தைத் திறந்து காட்டுகிறது. காவியத்தில் ராமன் ராஜா, அவன் மேல் ராஜ்யத்தின் கண் இருந்தது. நாவல்காரரின் ஆண் வீட்டு மனிதன். அவனுக்குள் ஒரு தனி அறை கட்டித் தந்தது நாவல்தான். அந்த அறைக்குள் போனவன் கதவைச் சாத்திக்கொண்டான். இங்கேயும் கொரியாவிலும் ஆரம்பக்கால நாவல்களின் ஆண்கள் எல்லாருமே அப்படிச் சாத்திக்கொண்டவர்களாகத்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

அக்கா மகன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். ராத்திரியில் மொட்டை மாடியில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “என்னமோ மனசுல வெச்சிருக்கான், விட்டுப் புடிப்போம்” என்றார் வீட்டுக்காரர்.

13 ஜூலை, சனி

வத்தலக்குண்டு போய் வந்தோம். பேச்சுக்கு முன் அந்த மண்ணை ஒரு தரம் மிதிக்கவேண்டும் என்று இருந்தது. துணைக்கு அவனைக் கூட்டிப் போனேன்.

கொடைக்கானல் பஸ்ஸும் தேனி பஸ்ஸும் மாறி மாறி நுழையும் ஊர். மேற்கே மலை நீலமாக நிற்கிறது. மஞ்சளாறு ஊர் ஓரமாகப் போகிறது. கடைத்தெருவில் வெற்றிலை வாசம். இந்தச் சின்ன ஊர் எத்தனை பேரைக் கொடுத்திருக்கிறது! ‘மணிக்கொடி’யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையா இந்த ஊர்க்காரர். சி.சு. செல்லப்பா வளர்ந்ததும் இங்கேதான். ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் ஜல்லிக்கட்டு வருகிறது. அறுபது சொச்சம் வருஷம் கழித்து அதே ஊர் மனிதர் ‘வாடிவாசல்’ எழுதுகிறார். அதிலும் ஓர் ஆண் மனத்துக்குள் ஒன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு காளைக்கு முன்னால் நிற்கிறான். தகப்பன் பட்ட அவமானம் அது. பிச்சியைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். நாவலின் கதையை அவனுக்குச் சொன்னேன். அபவாதம் வரும் இடத்தில் அவன் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனை எடுத்து நீட்டினான். யாரோ அனுப்பிய போட்டோ. அவன் மனைவி ஒரு வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகிறாள். ஓட்டுகிறவன் முகம் தெரியவில்லை. கீழே ஒரு வரி. அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

“யார் அனுப்புனா?”

“கம்பெனி குரூப்ல வந்துச்சு சித்தி. எல்லாரும் பார்த்துட்டாங்க.”

“அவகிட்ட கேட்டியா?”

“என்னன்னு கேக்கறது? கேட்டா நான் சந்தேகப்படறேன்னு ஆயிராதா?”

“கேக்காம வந்துட்டியே, அது சந்தேகம் இல்லியா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அதற்கு மேல் அழுத்தவில்லை. திரும்பி வரும்போது செம்பட்டி வரை பேச்சே இல்லை. அதன் பிறகு அவனாகக் கேட்டான்: “அந்த அய்யர் கடைசியில என்ன ஆனார் சித்தி?”

சொன்னேன். சச்சிதானந்த சுவாமிகளிடம் சீடராகிறார். ஞானம் வருகிறது. பின்னால் கணவனும் மனைவியும் சேர்கிறார்கள், காணாமல் போன மகனும் கிடைக்கிறான்.

“அப்ப அவங்க உண்மையா இல்லியான்னு எப்பத் தெரிஞ்சுச்சு?”

நல்ல கேள்வி. முத்துஸ்வாமி அய்யருக்கு அது தெரிய வருவதற்குள் வாழ்க்கையில் பாதி போய்விட்டது என்று சொன்னேன்.

14 ஜூலை, ஞாயிறு

‘முஜோங்’ முடித்தேன். யோங்சே இரண்டு அயோக்கியர்களின் கையில் பலாத்காரத்துக்கு ஆளாகிறாள். அவமானம் தாளாமல், பியோங்யாங் போய் தேதோங் ஆற்றில் விழப்போவதாகக் கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போகிறாள். ஹியோங்சிக் ரயிலேறித் தேடிப் போகிறான். அவள் தகப்பனின் கல்லறை முன்னால் நிற்கிறான், தன்னை வளர்த்த மனிதரின் கல்லறை. அழுகை வரவில்லை. மனம் லேசாகிறது, கூட வந்த சின்னப் பெண்ணைப் பார்த்துச் சந்தோஷம்கூட வருகிறது. சரியாகத் தேடாமலேயே சியோல் திரும்புகிறான். கொஞ்ச நாளில் சொன்ஹியோங்கோடு நிச்சயமாகிவிடுகிறது.

ஒரு கதாநாயகனை இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும். தன் மனம் தான் எதிர்பார்த்தபடி துக்கப்படவில்லை என்பதை ஒரு மனிதன் கண்டுபிடிக்கும் இடம் அது. யி குவாங்சு அவனைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. நன்றிக்கடனுக்கும் புது வாழ்க்கையின் மேல் உள்ள ஆசைக்கும் நடுவில் அவன் கிடந்து அல்லாடுவதை அப்படியே வைக்கிறார்.

யோங்சே சாகவில்லை. ரயிலில் டோக்கியோவில் படிக்கும் பியோங்உக் என்ற பெண்ணைச் சந்திக்கிறாள். அந்தப் பெண்தான் இவளிடம் முதன்முதலில் கேட்கிறாள்: அவனை நீ உண்மையாக விரும்பினாயா, அல்லது அப்பா சொன்னதற்காகக் காத்திருந்தாயா? நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஹியோங்சிக் கேட்டிருக்க வேண்டியதை வழியில் கிடைத்த ஒரு சிநேகிதி கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் யோங்சேக்கு உயிர் திரும்பி வருகிறது.

கடைசியில் எல்லாரும் ஒரே ரயிலில் வந்து சேர்கிறார்கள். ஹியோங்சிக்கின் போராட்டம் திரும்பவும் தலை தூக்குகிறது. அப்போது சம்நாங்ஜினில் வெள்ளம். வீடிழந்த ஜனங்களுக்காக அந்தப் பெண்கள் ஸ்டேஷனில் பாடிப் பணம் திரட்டுகிறார்கள். படித்துவந்து நம் ஜனங்களுக்குக் கல்வி கொடுப்போம் என்று எல்லாரும் உறுதி எடுத்துக்கொள்கிறார்கள்.

முத்துஸ்வாமி அய்யரின் கேள்வியை வேதாந்தம் மூடியது. ஹியோங்சிக்கின் கேள்வியைத் தேசம் மூடியது. இரண்டும் பெரிய விஷயங்கள்தான். இரண்டிலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கமலாம்பாளுக்கும் யோங்சேக்கும் சேரவேண்டிய பதில் அந்தப் பெரிய விஷயத்தின் அடியில் போய்விட்டது.

எழுதியவர்கள் வாழ்க்கையும் அதே பாதையில்தான் போயிற்று. ராஜம் அய்யர் 1896இல், விவேகானந்தரின் ஊக்கத்தில் சென்னையில் தொடங்கிய ‘பிரபுத்த பாரத’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். வேதாந்தக் கட்டுரைகளாக எழுதிக் குவித்தார். 1898இல் 26 வயதில் போய்விட்டார். இரண்டாவது தமிழ் நாவல் வரவே இல்லை. யி குவாங்சு 1919இல் டோக்கியோ மாணவர்களின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், பிற்காலத்தில் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொண்டு ஜப்பானியருக்கு ஆதரவாகப் பேசினார். 1950 யுத்தத்தில் வடக்கே கொண்டுபோகப்பட்டு அங்கேயே இறந்தார். அவர் மனத்துக்குள் நடந்ததை எந்த நாவலும் எழுதவில்லை.

16 ஜூலை, செவ்வாய்

நாளை ஆடி ஒன்று. மார்க்கெட்டில் முருங்கை விலை இறங்கியிருக்கிறது என்று வீட்டுக்காரர் முகம் வாடி வந்தார். இன்று எழுத அதிகம் இல்லை.

இன்னொரு கொரிய நாவல், யொம் சாங்சொப்பின் ‘மான்சேஜொன்’ பற்றி மட்டும். 1922இல் ‘கல்லறை’ என்ற பெயரில் தொடங்கி 1924இல் புத்தகமானது. டோக்கியோவில் படிக்கும் யி இன்ஹ்வாவுக்குத் தந்தி வருகிறது: மனைவி சாகக் கிடக்கிறாள். சின்ன வயதில் வீட்டார் கட்டிவைத்த மனைவி. உடனே ஓடவேண்டியவன் முடி வெட்டிக்கொள்கிறான், காப்பிக்கடைப் பெண்ணைப் போய்ப் பார்க்கிறான். கப்பலின் குளியலறையில் ஜப்பானியர் கொரியக் கூலிகளை ஏமாற்றிப் பிடித்துக் கொடுப்பதைப் பேசிச் சிரிப்பது அவன் காதில் விழுகிறது. அவனுக்கு ஆத்திரம், ஆனால் வாய் திறக்கவில்லை. ஊர் முழுவதும் அவனுக்குக் கல்லறையாகத் தெரிகிறது. மனைவி சாகிறாள். கண்ணீர் வரவில்லை. மறுபடியும் டோக்கியோவுக்குக் கிளம்புகிறான்.

வெளியே போலீஸ்காரன் பின்னாலேயே வருகிறான். வீட்டிலோ கல்யாணம் முதல் வைத்தியம் வரை எல்லாவற்றையும் தகப்பன்தான் முடிவு செய்கிறார். பேச உரிமை இல்லாத நாட்டில் படித்த ஆணுக்கு மனம் ஒன்றுதான் சொந்தமாக மிஞ்சியது. அதை நான் உணர்கிறேன். அதனால்தான் இவர்கள் இவ்வளவு தங்களுக்குள்ளேயே பேசினார்கள். ஆனால் சாகக் கிடந்த அந்தப் பெண்ணுக்கு அந்த மனமும் சொந்தமில்லை, அவளுக்கு என்ன தோன்றியது என்று ஒரு பக்கம்கூட இல்லை.

18 ஜூலை, வியாழன்

விடிவதற்குள் அக்கா மகன் கிளம்பிப் போய்விட்டான். “தாராபுரம் போறேன்” என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறான்.

21 ஜூலை, ஞாயிறு

பேச்சு முடிந்தது. நூலகத்தின் முன்னறை நிறைந்திருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் பின்வரிசையில். கொரிய நாவல் என்றவுடன் பெண்பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முடிவில் பெரியவர் ஒருவர் எழுந்தார். மக்காச்சோளம், தென்னை வைத்திருக்கும் விவசாயி. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்து, இன்று எந்தப் புத்தகத்தையும் விடாதவர்.

“டீச்சரம்மா, நீங்க சொன்ன ஆம்பளைங்க எல்லாம் நிலம் இருக்கறவங்க, இல்லாட்டிப் படிச்சவங்க. உக்காந்து நெனைக்க அவங்களுக்கு நேரம் இருந்துச்சு. கூலிக்குப் போறவனுக்கு மனப் போராட்டம் இல்லீங்களா?”

அந்தக் கேள்விக்காக அவரைக் கும்பிட்டேன். ஹியோன் ஜின்கொன் 1924இல் எழுதிய சிறுகதையைச் சொன்னேன். ‘அதிர்ஷ்டமான நாள்’ என்று வைத்துக்கொள்ளலாம். சியோலில் கை ரிக்‌ஷா இழுக்கும் கிம். மனைவி படுத்த படுக்கை. இன்றைக்குப் போகாதே என்கிறாள். மாட்டெலும்பு சூப் வேண்டும் என்று அவள் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அன்று மழை. ஆனாலும் சவாரி மேல் சவாரி, கையில் காசு சேர்கிறது. சேரச் சேர அவனுக்குப் பயம். இவ்வளவு அதிர்ஷ்டம் எதற்கு வருகிறது? வீட்டுக்குப் போனால் என்ன இருக்கும்? வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போடக் கள்ளுக்கடைக்குள் போகிறான், சிரிக்கிறான், அழுகிறான், செத்துப்போனாள் என்கிறான், இல்லை விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறான். சூப் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் நின்று, உள்ளே எதுவும் கேட்காத பயத்தில் சத்தம் போட்டுத் திட்டுகிறான். அவள் செத்துக் கிடக்கிறாள். குழந்தை வற்றிய மார்பைச் சப்பிக்கொண்டிருக்கிறது.

நேரமில்லாதவனின் போராட்டம் உழைப்பின் நடுவில் நடக்கிறது, வண்டியின் வேகத்தில் தெரிகிறது. முத்துஸ்வாமி அய்யரின் துன்பத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. இவனும் அவளை அடித்தவன்தான், அதையும் கதை மறைக்கவில்லை. ஆனால் அவள் என்ன கேட்டாள் என்பது இவனுக்கு ஞாபகம் இருந்தது. வாங்கியும் வந்தான்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறையில் ரொம்ப நேரம் யாரும் எழவில்லை. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் என்னைப் பிடித்து, “மிஸ், கமலாம்பாளே அவர் முன்னால போயி நின்னு கேட்டிருக்கலாமில்ல?” என்றாள். அவர் எங்கே போனார் என்றே அவளுக்குத் தெரியாதே என்றேன். ஆனால் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

23 ஜூலை, செவ்வாய்

அக்கா மகனின் மனைவி தாராபுரத்திலிருந்து போன் பண்ணினாள்.

“அத்தை, அவரு வந்து நாலஞ்சு நாளாச்சு. சோறு போட்டாச் சாப்புடறாரு. எங்கப்பாவோட தோட்டத்துக்குப் போறாரு. எங்கிட்ட மட்டும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாரு. உங்ககிட்ட எதாச்சும் சொன்னாரா?”

அவனுடைய விஷயத்தை நான் சொல்வது முறையல்ல. ஆனால் அவளை இருட்டில் விடவும் மாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

“அவன் மனசுல ஒண்ணு கெடக்குது சாமி. அவனா எடுக்க மாட்டான். நீ கேளு. சாயங்காலம் தோட்டத்துல இருந்து வந்ததும், யாரும் இல்லாத நேரம் பாத்து, உங்க போன்ல என்ன இருக்குதுன்னு நேரா கேளு. கோபப்பட்டாலும் விடாத.”

“நானா கேக்கறது?”

“நீதான்.”

24 ஜூலை, புதன்

கேட்டுவிட்டாள். விடிய விடியப் பேசினார்களாம். போட்டோவில் இருந்தது யார், அன்று என்ன நடந்தது என்று என்னிடமும் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊருக்கு அந்தப் பதிலைக் கேட்க உரிமையில்லை, இந்த நோட்டுக்கும் இல்லை. கேட்க உரிமை உள்ளவன் கேட்டுக்கொண்டான்.

சாயங்காலம் அவனே பேசினான். கம்பெனி குரூப்பில் அந்தப் போட்டோவுக்குக் கீழே, ‘இது என் சம்சாரம், பேசுகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்’ என்று எழுதியிருக்கிறானாம். நாளைக்கு வேலைக்குத் திரும்புகிறான். அவளையும் கூடவே கூட்டிப்போக வேண்டும் என்று நிற்கிறான். ஆடி முடியாமல் அனுப்ப மாட்டேன் என்று அவள் அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். சம்பந்தி வீட்டில் பேசச் சொல்லி இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.